யானைக்கால் நோயாளரும் எமது பள்ளிவாசலும்



 

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களை நீங்கள் அறிவீர்கள். நபி (ஸல்) அவர்களுக்கு அடுத்து மக்காவில் கஃபாவின் அருகே நின்று அல்குர்ஆனைப் பகிரங்கமாக ஓதிய முதல் மனிதர் அவர். அதற்காகக் குறைஷியரிடம் முகத்தில் அடி வாங்கியவர். உருவத்தில் சிறியவர், கால்களோ மிகவும் மெலிந்தவை. ஒருநாள் மிஸ்வாக்குக் குச்சி பறிப்பதற்காக அராக் மரமொன்றில் அவர் ஏறியபோது காற்று வீசி, ஆடை விலகி, கெண்டைக்கால்கள் வெளியே தெரிந்தன. கீழே நின்றோர் சிரித்துவிட்டனர். சிரித்தவர்கள் இஸ்லாத்தின் எதிரிகள் அல்லர், நபித் தோழர்கள். சிரிப்புக்குக் காரணம் என்னவென்று நபியவர்கள் விசாரித்தார்கள். கால்களின் மெலிவு என்று பதில் வந்தது. மறுமையின் தராசில் அக்கால்கள் உஹத் மலையைவிடப் பாரமானவை என்று நபியவர்கள் சத்தியமிட்டு அறிவித்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. அவருடைய கல்வியைச் சொல்லி நபியவர்கள் ஆறுதல் கூறியிருக்கலாம். அவருடைய தியாகத்தை நினைவூட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. எந்த அவயவம் சிரிப்புக்கு ஆளானதோ, அதே அவயவத்தையே எடுத்துத் தராசில் வைத்துக் காட்டினார்கள்.

அன்று சிரிப்புக்கு உள்ளானவை மெலிந்த கால்கள். இன்று எமது ஊர்களில் சிரிப்புக்கும், அதைவிடக் கொடிய அருவருப்புக்கும் உள்ளாகின்றவை வீங்கிய கால்கள். ‘யானைக்கால்’ என்பது நோயின் பெயராக நின்றுவிடாமல் அந்த மனிதரின் பெயராகவே மாறிவிடுகின்றது. அவருக்குப் பெற்றோர் வைத்த அழகிய பெயரொன்று இருந்ததையே ஊர் மறந்துவிடுகின்றது. ஒருவரையொருவர் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் ஸூறத்துல் ஹுஜுறாத்தின் 11ஆவது வசனம் தடைசெய்திருப்பதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அந்த வசனம் எமது தெருவில் எவரைக் குறிக்கின்றது என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

வன்னிப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆவுக்குச் சென்றிருந்தபோது, செருப்புகள் கழற்றப்படும் இடத்துக்குப் பக்கத்தில், தூணோடு ஒதுங்கி ஒருவர் அமர்ந்திருப்பதைக் கண்டேன். உள்ளே ஸப்புகளில் இடமிருந்தது. ஸலாம் கொடுத்ததும் எல்லோருக்கும் முந்தி எழுந்து போக ஆயத்தமானார். காரணம் கேட்டேன். “உள்ள வந்தா பக்கத்தில இருக்கிறவர் தள்ளி இருக்கிறார் ஹஸரத். அவர ஏன் கரச்சல்படுத்துவான்?” என்றார். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இரு மடங்கு பருத்திருந்தது. அதற்கு அளவான செருப்புக் கிடைக்காததால் பாதத்தைத் துணியால் சுற்றியிருந்தார். அல்லாஹ்வின் வீட்டுக்குள் வருவதற்கு அவர் மனிதரின் முகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டியிருந்தது. எனது இன்றைய பேச்சு அவரையும் அவரைப் போன்றோரையும் பற்றியதே.

முதலில் பெயர் பற்றி ஒரு வார்த்தை. ஸூறத்துல் பீலை ஓதும் சிறு பிள்ளைக்கும் ‘பீல்’ என்றால் யானை என்பது தெரியும். அறபு மருத்துவர்கள் இந்த வீக்கத்தைத் ‘தாஉல் பீல்’, அதாவது யானை நோய் என அழைத்தனர். அர்ராஸியும் இப்னு ஸீனாவும் இது பற்றி எழுதியுள்ளனர். தொழுநோய்க்கு அறபியில் ‘ஜுதாம்’ என்று வேறு பெயர் உண்டு. ஆனால் பண்டைய கிரேக்கர் யானை என்ற சொல்லை வைத்தே தொழுநோய்க்குப் பெயரிட்டிருந்தனர். அறபு நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட காலத்தில் இவ்விரு நோய்களும் ஒன்றோடொன்று குழம்பின. குழப்பத்தைத் தீர்ப்பதற்காக ஐரோப்பிய மருத்துவர்கள் ‘கிரேக்கரின் யானை நோய்’ என்றும் ‘அறபியரின் யானை நோய்’ என்றும் பிரித்துச் சொல்ல நேர்ந்தது. நூல்களில் அந்தக் குழப்பம் எப்போதோ தீர்ந்துவிட்டது. மனித உள்ளங்களில் இன்னும் தீரவில்லை. வீங்கிய காலைக் கண்டதும் தொற்றிவிடும் என்று ஒதுங்குகின்றோமே, அது அப்பழைய குழப்பத்தின் மிச்சம்தான்.

உண்மை யாதெனில், வீங்கிய காலைத் தொடுவதால் எவருக்கும் எதுவும் தொற்றாது. பக்கத்தில் நின்று தொழுவதாலோ, ஒரே ஸஹனில் உண்பதாலோ, ஒரே பாயில் அமர்வதாலோ தொற்றாது.

எமது வயல்களை வைத்து இதனை விளங்கிக்கொள்ளலாம். குளத்திலிருந்து வரும் வாய்க்கால் வயலுக்கு நீர் கொண்டுவருகின்றது. மிஞ்சிய நீரை வடிச்சல் வாய்க்கால் கொண்டுபோகின்றது. வடிச்சல் வாய்க்கால் தூர்ந்துவிட்டால், பாய்ச்சல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வயலில் நீர் தேங்கி நிற்கும். உடம்பிலும் அவ்வாறே. இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் மிஞ்சியதை மீட்டுக் கொண்டுபோவதற்கு நிணநீர்க் குழாய்கள் என்றொரு வடிகால் அமைப்பை அல்லாஹ் படைத்துள்ளான். அது அடைபட்டால் அல்லது சிதைந்தால் காலிலோ கையிலோ நீர் தேங்குகின்றது. நாளடைவில் தோல் தடித்து, மடிப்புகள் விழுந்து, கல்லைப் போல இறுகிவிடுகின்றது. இதனையே நிணநீர் வீக்கம் என்கின்றனர்.

இவ்வடிகால் பல வழிகளில் பழுதடையலாம். சிலர் பிறக்கும்போதே அக்குழாய்களில் குறையுடன் பிறக்கின்றனர். விபத்திலோ யுத்தத்திலோ ஏற்பட்ட ஆழமான காயங்களுக்குப் பின்னரும் வீக்கம் வரலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்படுவதாலும் வரலாம். உலகளவில் பெருந்தொகையினருக்கு இதனைக் கொடுத்தது ஒரு நூல்போன்ற புழு. அந்தப் புழுவின் குஞ்சுகளை நுளம்பு ஒருவரின் இரத்தத்திலிருந்து உறிஞ்சி எடுத்து இன்னொருவருக்குக் கொண்டுசேர்க்கின்றது. புழுவின் வளர்ச்சியில் நுளம்புக்குப் பங்குண்டு என்பதை 1877ஆம் ஆண்டில், சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பற்றிக் மேன்சன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் கண்டறிந்தார். வளர்ந்த புழு நிணநீர்க் குழாய்களுக்குள் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழக்கூடியது. புழு இறந்த பின்னரும் அது சிதைத்த வாய்க்கால் சிதைந்தபடியே இருக்கும். மருந்து குடித்தும் கால் பழைய நிலைக்கு வரவில்லையே என்று நோயாளர் மனமுடைவது இதனால்தான்.

எமது நாட்டில் இந்நோயை எதிர்ப்பதற்கென 1947ஆம் ஆண்டிலேயே யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் ஆரம்பிக்கப்பட்டது. மேல், தென், வடமேல் மாகாணங்களைச் சேர்ந்த எட்டு மாவட்டங்களில் நோய் நிலைகொண்டிருந்தது. வன்னி அந்த எட்டில் அடங்கவில்லை. அப்படியாயின் இந்தப் பேச்சு எமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்த எட்டில் ஒன்று புத்தளம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணம் எங்கணுமிருந்து சென்ற எம்மவரில் பெரும்பாலானோர் அடைக்கலம் புகுந்த மண் அது. புத்தளத்து மக்கள் எமக்கு அன்ஸாரிகளாக நின்றார்கள்; அந்த நன்றியை நாம் மறக்கலாகாது. ஓலைக் கொட்டில்களில் இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்துவிட்டு, 2009க்குப் பின்னர் தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் நாச்சிக்குடாவுக்கும் திரும்பி வந்தோர் எம்மிடையே இருக்கின்றனர். இன்றும் இங்குமங்குமாகப் போய்வருகின்ற குடும்பங்கள் பல.

2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் அந்த எட்டு மாவட்டங்களிலும் இரண்டு வகைக் குளிசைகள் மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இத்தகைய முயற்சிகளின் பயனாக, யானைக்கால் நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் உறுதிப்படுத்தியது. எமது பாட்டன்மாரை நடுங்கவைத்த மலேரியாவிலிருந்து நாடு விடுபட்டதாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும் அந்த அறிவிப்பின் பொருளைச் சரியாக விளங்க வேண்டும். புதிய தொற்று மிகக் குறைந்துவிட்டது. அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. கண்காணிப்பு தொடர்கின்றது. ஏற்கெனவே வீங்கிய கால் எந்த அறிவிப்பாலும் வற்றிவிடாது. நோய் செய்தியிலிருந்து மறைந்த பின்னர் நோயாளர் இன்னும் தனித்துப்போகின்றார் என்பதே எனது கவலை. அந்த மாவட்டங்களில் நீண்டகாலம் வாழ்ந்தவர்கள், கால் வீக்கமோ அடிக்கடி அரைப்பகுதியில் கட்டி கட்டிக் காய்ச்சலோ வருமாயின், அச்சமின்றி வைத்தியரிடம் அதனைச் சொல்லுங்கள். இப்புழுவின் குஞ்சுகள் இரவிலேயே இரத்தத்தில் அதிகம் நடமாடுவதால், இரத்தப் பரிசோதனையை இரவில் செய்யச் சொல்லக்கூடும். அதனை வேடிக்கையாக எண்ணிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகின்றேன். எல்லாக் கால் வீக்கமும் யானைக்கால் அன்று. இருதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நோயாலும் கால் வீங்கும். வவுனியாவின் விவசாயக் கிராமங்களில் சிறுநீரக நோய் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியுள்ளது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே வீக்கத்துக்குப் பெயர் வைப்பது அயலவரின் வேலையன்று. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. போவதற்குத் தயக்கமாயின் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ முதலில் கதையுங்கள்.

இனி, இந்த நோயாளருக்கு மிகவும் பயனுள்ள பராமரிப்பு எது தெரியுமா? கழுவுதல். விலை உயர்ந்த மருந்தன்று; சவர்க்காரமும் சுத்தமான நீரும்தான். வீங்கிய காலில் தோல் மடிப்புகளுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் ஈரம் தங்கிச் சேற்றுப்புண் உண்டாகின்றது. வயலில் நிற்கும் எவருக்கும் வரும் அதே சேற்றுப்புண்தான். ஆனால் வடிகால் அடைபட்ட காலில் அந்தச் சிறு வெடிப்பு கிருமிகளுக்குக் கதவாகிவிடுகின்றது. பின்னர் நடுக்கத்துடன் காய்ச்சல், கால் சிவந்து நெருப்பாய்க் கொதித்தல், பல நாட்கள் படுக்கை. இவ்வாறு ஒவ்வொரு தடவை காய்ச்சல் வரும்போதும் வீக்கம் இன்னும் ஒரு படி கூடுகின்றது. கால் மென்மேலும் பருத்துப் போவதற்கு இந்தக் காய்ச்சல்களே பெரிதும் காரணம். நாள்தோறும் கழுவித் துடைப்பவருக்கு இவை வெகுவாகக் குறைகின்றன.

பெற்றோர்களே, ஐந்து நேரமும் பாதத்தைக் கழுவுமாறு கட்டளையிடப்பட்ட உம்மத்து நாம். விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவதை ஸுன்னத்தாகக் கற்றவர்கள். வேறெந்தச் சமூகத்துக்கும் இல்லாத வாய்ப்பு இது. ஆனால் ஒரு குறை உண்டு. கழுவுகின்றோம், துடைப்பதில்லை. சாதாரண காலுக்கு அது பரவாயில்லை. வீக்கமுள்ள காலுக்கு ஈரம் பகையாகும். ஆகவே நோயாளர் வுழூவுக்குப் பின் சுத்தமான மெல்லிய துணியால் ஒவ்வொரு விரல் இடுக்கையும் ஒவ்வொரு மடிப்பையும் ஒற்றித் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. நாளுக்கு ஒரு தடவையாவது சவர்க்காரம் இட்டு மெதுவாகக் கழுவ வேண்டும். கொதிநீர் ஆகாது. கழுவும்போதே வெடிப்பு, புண், நகச்சுற்று ஏதும் உண்டா என்று பார்த்து, இருப்பின் வைத்தியர் தந்த களிம்பைப் பூச வேண்டும். வயதானவருக்குக் குனிந்து தன் பாதத்தைத் தொட முடியாது. அந்த வேலை மகனுக்கும் பேரனுக்கும் உரியது. இளைஞர்களே, பெற்றோருக்குப் பணிவிடை என்று மிம்பரில் கேட்கின்றீர்களே, அது ஒரு துவாயும் பத்து நிமிடமுமாக உங்கள் வீட்டுக் கட்டிலடியில் காத்திருக்கின்றது.

காலில் திறந்த புண் இருந்து நீர் படக்கூடாது என வைத்தியர் சொன்னால், தொழுகையை விட்டுவிடாதீர்கள். கட்டின்மீது மஸ்ஹு செய்வதற்கும் தயம்முமுக்கும் மார்க்கத்தில் சட்டங்கள் உள்ளன. உங்கள் ஊர் ஆலிமிடம் காலைக் காட்டியே கேளுங்கள். அழுத்தக் காலுறை அணியும்படி சொல்லப்பட்டவர்களும் அவ்வாறே கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தஹிய்யாத்து இருப்பில் காலை மடிக்க முடியாதவர் கதிரையில் இருந்து தொழலாம். மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடின் இருந்தும், அதுவும் இயலாவிடின் சாய்ந்தும் தொழுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். அது எல்லா நோயாளருக்குமான சலுகை.

இரவில் படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்குச் சற்று உயர்த்தி, மெத்தையின் கீழே தலையணை ஒன்றை வைத்துப் படுப்பதும், கதிரையில் இருக்கும்போது காலைத் தொங்கவிடாமல் சிறு பலகையின்மீது நீட்டி வைப்பதும், கணுக்காலை மடக்கி நீட்டிச் சுழற்றுவதும் நீர் வடிவதற்குத் துணைபுரியும். இருதய நோயுள்ளவர் இவற்றை வைத்தியரிடம் கேட்டே செய்ய வேண்டும். காய்ச்சல் வந்து கால் சிவந்திருக்கும் நாட்களில் பயிற்சி வேண்டாம். ஓய்வும், குளிர்ந்த நீரில் நனைத்த துணியும், தாமதியாமல் வைத்தியசாலையும்தான். வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. காலுக்கு அளவாகச் செருப்புத் தைத்துக் கொடுக்கக்கூடிய தொழிலாளர் இன்னும் இருக்கின்றனர். ஸதகா செய்ய விரும்பும் செல்வந்தர் ஒருவர் ஒரு நோயாளருக்கு அப்படி ஒரு சோடிச் செருப்பை ஏற்பாடு செய்து கொடுத்தால், அவர் பள்ளிக்கு வரும் வழியைத் திறந்துவிட்டவராவார்.

நூல் கட்டுதல், தாயத்து, சூடு போடுதல், கீறி நீர் எடுத்தல் முதலியவற்றைப் பற்றியும் பேசாமலிருக்க முடியாது. துஆவுக்கும் ஓதிப் பார்ப்பதற்குமுரிய இடம் மார்க்கத்தில் உண்டு. அதன் விபரங்களில் இயக்கங்களுக்கிடையே நடக்கும் விவாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை. ஆனால் வடிகால் அடைபட்ட காலில் கத்தி வைப்பவரும், சூடு வைப்பவரும் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகின்றனர். ஏழை நோயாளரின் நெல் விற்ற காசை வாங்கிக்கொண்டு இதனைச் செய்வது அநியாயமாகும். சிகிச்சை தேடுவதை நபியவர்கள் ஏவியுள்ளார்கள். தவக்குலுக்கு அது முரண் அன்று.

பெண்களைப் பற்றி இரண்டு வார்த்தைகள். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். சத்திர சிகிச்சையும் கதிர் சிகிச்சையும் முடிந்து, அல்லாஹ்வின் உதவியால் உயிர் தப்பி வந்த சகோதரிக்கு, சில மாதங்களிலோ சில ஆண்டுகளுக்குப் பின்னரோ அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். நோய் திரும்பிவிட்டதோ என்று அஞ்சி, எவரிடமும் சொல்லாமல் நீண்ட கைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்கின்றார். வீக்கம் நோய் திரும்பியதற்கு அடையாளமாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அதனைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். ஆரம்பத்திலேயே காட்டினால் கட்டுப்படுத்துவது எளிது. கணவன்மாரே, அந்தக் கையில் அடுப்புச் சூடும் கத்தி வெட்டும் முள்ளுக் கீறலும் படாமல் காப்பது உங்கள் பொறுப்பு. சில காலம் நீங்களே தேங்காய் துருவினால் உங்கள் கண்ணியம் குறைந்துவிடாது. நபியவர்கள் வீட்டு வேலைகளில் மனைவியருக்கு உதவியாக இருந்தவர்கள்.

ஆண்களுக்கும் ஒரு மறைவான துன்பம் உண்டு. அதே புழுவால் விதைப்பையில் நீர் தேங்கி வீங்குகின்றது. உலகில் கால் வீங்கியோர் ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் பேர் என்றால், இவ்வாறு துன்புறும் ஆண்கள் 2 கோடியே 50 இலட்சம் பேர் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. காலைப் போலன்றி, இதனைச் சத்திர சிகிச்சையால் பெரும்பாலும் தீர்த்துவிடலாம். வெட்கத்தின் காரணமாக ஆண்டுக்கணக்கில் சாரத்துக்குள் மறைத்து, தொழிலையும் இல்லறத்தையும் இழந்தோர் உள்ளனர். சிகிச்சையின் தேவைக்காக வைத்தியரிடம் அவ்ரத்தைக் காட்டுவது ஆகுமானது என்பதை உலமாக்கள் தெளிவுபடுத்தியுள்ளனர்.

கலியாணப் பேச்சுகளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். தாய்க்குக் கால் வீக்கம் என்று அறிந்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகின்றனர். நுளம்பால் வந்த வீக்கமும் சத்திர சிகிச்சையால் வந்த வீக்கமும் பரம்பரையாகப் பிள்ளைக்குப் போகாது. ஒரு ஸாலிஹான பெண்ணை இக்காரணத்துக்காக நிராகரிப்பவர் மார்க்கத்தையும் அறியவில்லை, நோயையும் அறியவில்லை.

நிறைவாகப் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். வுழூச் செய்யும் இடத்தை ஒருமுறை, காலைத் தூக்க முடியாத மனிதரின் கண்ணால் பாருங்கள். திண்ணைகள் தாழ்ந்தவை, நிலம் பாசி பிடித்து வழுக்குகின்றது, பிடித்து எழக் கம்பி இல்லை. ஒரே ஒரு குழாயருகில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கொங்கிரீட் இருக்கையும், சுவரில் ஒரு கைபிடிக் கம்பியும், சவர்க்காரம் வைக்க ஒரு தட்டும் அமைத்தால் போதும். சில மூடை சீமெந்துக்கு மேல் செலவாகாது. துடைக்கும் துணியைப் பொதுவில் தொங்கவிட வேண்டாம். ஒவ்வொருவரும் தமது துணியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மலசலகூடக் குழியின் மூடியிலும் காற்றுக் குழாயிலும் நுளம்பு புகாதவாறு வலை போடுங்கள்; யானைக்கால் புழுவைப் பரப்பும் நுளம்பு அழுக்கு நீரில்தான் பெருகுகின்றது. கதிரைகளைப் பின்சுவரோடு அடுக்கி வைக்காமல் ஸப்பின் ஓரத்தில், மற்றவர்களின் தோளோடு சேர்த்துப் போடுங்கள். தூணருகில் ஒதுங்கி இருப்பவர் எவரேனும் இருந்தால், இகாமத்துக்கு முன்னர் இளைஞர் இருவர் எழுந்து சென்று அவரை அழைத்து வந்து தமக்கிடையில் இருத்திக்கொள்ளட்டும்.